கரை சேர்ந்தவர்கள் வாய் திறக்கட்டும்

மயிலாப்பூரில் லஸ் என்று ஓர் இடம் உண்டு. சென்னை வாழ் மக்களுள் அதனை அறியாதார் இலர். பேருந்து நடத்துநர்கள் நாள்தோறும் அப்பெயரை உரக்கக் கூவுகின்றனர். கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்வோரும், மார்கழியில் இசைக் கச்சேரிக்குச் செல்வோரும், காய்கறி வாங்க வருவோரும் அங்கே இறங்கி நடக்கின்றனர். அப்பெயர் தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலமும் அன்று. போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ஒளி என்று பொருள். இரவும் பகலும் அச்சொல்லை உச்சரிக்கும் நகரம், அது ஒரு நன்றிச் சொல் என்பதை என்றோ மறந்துவிட்டது.

அந்த நன்றியின் வரலாறாக மரபு கூறுவது இது. கடலில் திசை தவறி அலைந்த போர்த்துக்கீசியர் சிலர் தேவதாயை நோக்கி மன்றாடினர். இருளில் கரைப்பக்கம் ஓர் ஒளி தோன்றிற்று. அதையே குறியாகக் கொண்டு கப்பலைச் செலுத்திக் கரையேறினர். கரையேறிய பின்பும் ஒளியைத் தொடர்ந்து காட்டுக்குள் நடந்தனர். ஓரிடத்தில் அது மறைந்தது. அந்த இடத்தில் எழுந்ததே பிரகாச மாதா கோயில். அக்காலத்துக் காட்டின் நினைவாக மக்கள் இன்றும் அதைக் காட்டுக் கோயில் என்றே வழங்குகின்றனர். அங்குள்ள போர்த்துக்கீசியக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் குறிக்கிறது. கோயில் அவ்வளவு பழைமையானதா, சற்றுப் பிந்தியதா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவதுண்டு. அவர்கள் வாதிடட்டும், அது அவர்கள் தொழில். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. உயிர் தப்பிய மாலுமி பொதுவாக என்ன செய்வான்? கரையில் மண்டியிட்டு ஒரு செபம் சொல்வான்; உடையை உலர்த்துவான்; சரக்கு என்னவாயிற்று என்று பார்ப்பான்; அடுத்த காற்றுக்குப் பாய் விரிப்பான். இவர்களோ தமக்கு நேர்ந்ததைத் தம்மோடு எடுத்துச் செல்லாமல், பிறர் காணும்படி இந்த மண்ணிலேயே ஊன்றிவிட்டுச் சென்றனர்.

வேளாங்கண்ணியிலும் அவ்வாறே. புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே கரை சேர்ந்து, ஓலைக் குடிசையாயிருந்த சிற்றாலயத்தைக் கற்கோயிலாகக் கட்டினர் என்பதும், மறுமுறை வந்தபோது சீனப் பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகக் கொணர்ந்தனர் என்பதும் நாமறிந்த மரபு. அத்தட்டுகளை இன்றும் பீடத்தில் காணலாம். திருப்பயணியருள் பலர் அவற்றை அழகிய வேலைப்பாடு என்று பாராட்டிவிட்டு நகர்கின்றனர்.

கல் நிற்கிறது, தட்டு இருக்கிறது, பெயரும் வழங்குகிறது; கதைதான் காணாமற் போகிறது. இதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

யோசுவா ஆகமத்தின் நான்காம் அதிகாரத்தை ஒரு முறை எடுத்து வாசியுங்கள். இஸ்ராயேல் மக்கள் யோர்தானைக் கால் நனையாமல் கடந்தனர். கடந்ததும் இறைவன் இட்ட கட்டளை யாது? ஆற்றின் நடுவிலிருந்து, குலத்துக்கு ஒருவராகப் பன்னிருவர் பன்னிரண்டு கற்களைத் தோளில் சுமந்து வந்து, தாங்கள் தங்குமிடத்தில் நாட்ட வேண்டும். அதற்கான காரணமும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. நாளை உங்கள் பிள்ளைகள் இக்கற்கள் எதற்கு என்று கேட்பார்கள். அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்பதே அது. கவனியுங்கள்: கல்லில் எதுவும் பொறிக்கப்படவில்லை. எழுத்தில்லாக் கல், கேள்வி கேட்கும் பிள்ளை, விடை கூறும் தகப்பன் ஆகிய மூன்றும் கூடினால்தான் நினைவு நிலைபெறும் என்பது இறைவனின் ஏற்பாடு. தகப்பன் கல்லைக் கடந்து விரைந்து போய்விட்டால், பிள்ளைக்குக் கேள்வியே எழுவதில்லை.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற வளைவுகளோடு ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. திரைப்படங்களில் அதை நீங்கள் பன்முறை கண்டிருக்கலாம். இளைஞர்கள் அதன் நிழலில் அமர்கின்றனர். சுண்டல் விற்கும் சிறுவர் அங்கே இளைப்பாறுகின்றனர். புகைப்படம் எடுப்போர்க்குக் குறைவில்லை. அது டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கடலில் தத்தளித்த பிறரைக் காப்பாற்றும் முயற்சியில் அவர் அங்கே மூழ்கி இறந்தார். அவர் எச்சபையைச் சேர்ந்தவர், எத்தனை முறை ஆலயம் சென்றார் என்னும் விசாரணை நமக்கு வேண்டியதில்லை. நண்பர்க்காக உயிர் கொடுப்பதினும் மேலான அன்பு இல்லை என்று ஆண்டவர் இராவுணவின்போது உரைத்தார். பிறர்க்காக உயிர் கொடுத்தவர் ஒருவர் நம் அன்னையின் ஆலயத்துக்கு மிக அருகில் நினைவுகூரப்படுகிறார். அந்த மண்டபத்தின் முன் நம் பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டு நிற்கின்றனர். நாமோ, பேருந்துக்கு நேரமாயிற்று என்று அவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறோம்.

பொது இடங்களிலேயே இந்நிலை என்றால், வீட்டுக்குள் நடந்த இறைச்செயல்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு யோர்தான் உண்டு. மருத்துவர்கள் கைவிட்ட குழந்தை பிழைத்த இரவு. வேலை போய் ஏழு மாதம் அடுப்பெரிந்த அதிசயம். பிரிந்து நின்ற அண்ணன் தம்பியர் தாயின் அடக்க நாளில் ஒருவர் தோளை ஒருவர் தழுவிய வேளை. கடந்தவர்கள் அதை மறப்பதில்லை. ஆயினும், கடந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரிவதும் இல்லை.

ஏன் சொல்லாமல் விடுகிறோம்? பீற்றிக்கொள்வதாக எண்ணுவரோ என்ற கூச்சம் ஒன்று. கண் பட்டுவிடும் என்ற அச்சம் மற்றொன்று. திருமுழுக்குப் பெற்ற வீடுகளிலும் இவ்வச்சம் சுகமாகவே குடியிருக்கிறது. இவ்விரண்டினும் வலிய காரணம் ஒன்றும் உண்டு. இறைவன் என்னைக் கடனிலிருந்து மீட்டார் என்று சொல்ல வேண்டுமாயின், கடன் இருந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். மகன் குடியை விட்டான் என்று மகிழ வேண்டுமாயின், அவன் குடித்தான் என்பது வெளிப்பட்டே தீரும். மனைவியின் மனநோய் தணிந்ததற்கு நன்றி கூறினால், அடுத்த வீட்டார் மகளுக்கு வரன் பார்க்கையில் அதை நினைவில் வைப்பர். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சுவருக்குச் சுவர் ஒட்டிய அடுக்கு வீடுகளில் வாழ்வோர்க்கு இக்கவலை சிறிதன்று. எனவே, துன்பத்தை மறைப்பதற்காக அருளையும் சேர்த்தே புதைத்துவிடுகிறோம்.

கத்தோலிக்க இதழ்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோர் அறிவர். கேட்ட வரம் கிடைத்தமைக்குச் சகாயத் தாய்க்கு நன்றி, பதுவைப் புனிதர்க்கு நன்றி என்னும் பாங்கில் சிறு வரிகள். கீழே பெயரின் முதலெழுத்து இரண்டு, அல்லது ‘ஒரு பக்தை’. ஆலயச் சுவர்களில் பதிக்கப்படும் பளிங்குக் கற்களிலும் பெரும்பாலும் இவ்வளவே. அவ்வரிகளை நான் எள்ளி நகையாடேன். அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னும் கண்ணீர் நிறைந்த இரவுகள் உண்டென்பதை ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும் எந்தக் குருவும் அறிவான். பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவன் ஒருவனே என்று லூக்காஸ் எழுதுகிறார். திரும்பி வந்து இரண்டு எழுத்தாவது எழுதினவர் வாழ்க. ஆனால் அவ்வரியை வாசிக்கும் மற்றொரு தாய், தன் மகனும் அதே துன்பத்தில் கிடக்கையில், அதனின்று என்ன பெறுவாள்? எது கேட்கப்பட்டது, எவ்வளவு காலம் காத்திருந்தனர், யார் வழியாக உதவி வந்தது என்பவற்றுள் ஒன்றும் அவளுக்குக் கிட்டுவதில்லை.

இவ்வகையில் நம் இந்து சகோதரரைக் கண்டு நான் வியப்பதுண்டு. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலம் 1970-களின் தொடக்கத்தில் எழுந்தது. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை அங்கே வரிசையில் நின்று பாருங்கள். காவி உடுத்து, வெறுங்காலோடு நடந்து வந்த ஓர் அம்மையார், முன்னே நிற்கும் முகமறியாப் பெண்ணிடம், தமக்குப் பதினோராண்டு பிள்ளை இல்லாதிருந்ததையும், மாமியார் சொன்ன சுடுசொற்களையும், மருத்துவமனைப் படியேறி இறங்கியதையும், பிறகு பிறந்த பிள்ளைக்கு அன்னையின் பெயரையே இட்டதையும் ஒளிவு மறைவின்றிக் கூறிக்கொண்டிருப்பார். அருகில் நிற்கும் நம்மவர் செபமாலையை உருட்டிக்கொண்டு, காதை மட்டும் அப்பக்கம் சாய்த்திருப்பர்!

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கிடையே கூச்சலிட்டுத் திரிந்த ஒருவனை இயேசு குணமாக்குகிறார். குணமடைந்தவன் அவரோடு படகில் வர அனுமதி கேட்கிறான். பன்னிருவரை வாவென்று அழைத்த ஆண்டவர் இவனுக்கு மறுக்கிறார். வீட்டுக்குப் போய், உன் உறவினரிடம் ஆண்டவர் உனக்குச் செய்ததைச் சொல் என்கிறார். எளிதான பணியா அது? ஆடையின்றி அவன் திரிந்ததைக் கண்டவர்கள், சங்கிலியிட்டுப் பார்த்தவர்கள், அவன் பெயரைச் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்தியவர்கள் அவர்களே. அந்நியரிடம் சாட்சி சொல்வது இதைவிட எளிது. எனினும் அவர்களிடம்தான் அவன் அனுப்பப்பட்டான். அதே மாற்கு, குணமடைந்த தொழுநோயாளனிடமும் காது கேளாதவனிடமும் இதை யாருக்கும் சொல்லாதே என்று ஆண்டவர் கண்டித்ததாகவும் எழுதுகிறார். முரண்பாடுபோல் தோன்றும். அற்புதம் செய்பவர் என்ற பேரிரைச்சல், சிலுவையை நோக்கிய அவரது பயணத்தை மூடி மறைத்துவிடக் கூடாதென்பது அத்தடைக்கு விரிவுரையாளர் கூறும் விளக்கம். அதாவது, இறைச்செயலைச் சொல்வதிலும் தகும் சொல் உண்டு, தகாச் சொல் உண்டு.

தகாச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் பொங்கி நம் கரைகளுக்குள் புகுந்தது. மயிலாப்பூர்ப் பக்கத்தில் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் குடியிருப்புகளில் குடிசைகள் சிதைந்தன, உயிர்களும் போயின. சாந்தோம் பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. தப்பியோடி வந்த மீனவ மக்களுக்கு ஆலய வளாகம் தஞ்சமளித்தது. பேராலயத்தை அடுத்துக் கடற்கரைப் பக்கமாக நிற்கும் ஒரு மரக்கம்பத்தைப் பற்றி முன்பே ஒரு மரபு உண்டு: புனித தோமையார் அதை நாட்டி, கடல் இதைக் கடந்து வாராது என்றார் என்பர். அவ்வாரத்தில் அக்கதை நகரெங்கும் பரவிற்று. வேளாங்கண்ணியிலும் பேராலயத்துக்குள் நீர் நுழையவில்லை என்று வியந்தனர். வியக்கலாம், நன்றியும் கூறலாம். ஆனால் அதே காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணியர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கட்டடத்தைக் காத்த இறைவன் என்று நாம் முழங்கும்போது, அவர்களுடைய உறவினர் காதில் அது எவ்வாறு விழும்?

அந்நாளில் கடற்கரையை ஒட்டிய ஒரு பங்கில் நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். சனவரியில் ஓர் அன்பியக் கூட்டம். நற்செய்தி வாசித்து முடித்ததும், நல்ல பக்தியுள்ள ஒருவர் எழுந்து பேசினார். அன்று காலை வழக்கம்போல் பிள்ளைகளோடு கடற்கரைக்கு உலாவச் செல்லவிருந்தாராம். பூசைக்குப் போய்விட்டுப் பிறகு செல்லலாம் என்று மனைவி சொன்னாராம். ஆலயத்துக்குள் இருந்தபோது கடல் வந்ததாம். ஞாயிறு பூசையை மதித்த குடும்பத்தை ஆண்டவர் கைவிடவில்லை என்று கண்ணீரோடு முடித்தார். அவர் கூறியதில் பொய் ஏதும் இல்லை. சிலர் ஆண்டவருக்குத் துதி கூறினர். பிறகு, பின்வரிசையில் அமர்ந்திருந்த மீனவக் குடும்பத்து அம்மையார் ஒருவர் எழாமலே, மெல்லிய குரலில் சொன்னார்: “எங்க பொண்ணும் முதல் பூசைக்குப் போயிட்டு வந்துதான் மீன் காயப்போட உக்காந்துச்சு, சாமி.”

அவ்வளவே. அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. எவரும் பேசவில்லை. மின்விசிறி சுழலும் ஓசை மட்டும் கேட்டது. இறையியல் கல்லூரியில் படித்த எந்த விளக்கமும் அவ்வேளையில் என் நாவுக்கு வரவில்லை. வாராதது நன்றே என்று இன்று நினைக்கிறேன். சற்றுப் பொறுத்து, முதலில் பேசிய அந்த மனிதரே எழுந்து சென்று அந்த அம்மையாரின் அருகில் தரையில் அமர்ந்துகொண்டார். செபமாலையின் எஞ்சிய காரணிக்கங்களை அங்கிருந்தே சொன்னார்.

தமக்குக் கிடைத்த அருளைக் கூறுகையில், கிடைக்காத ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நினைவு நமக்கு வேண்டும். ‘ஆண்டவர் எங்களைக் காத்தார்’ என்பது நன்றி. ‘நாங்கள் இன்னது செய்ததால் காத்தார்’ என்பது, காக்கப்படாதவர் மீது மறைமுகமாகச் சுமத்தும் பழி. சீலோவாமில் கோபுரம் சரிந்து இறந்த பதினெண்மரைச் சுட்டி, அவர்கள் மற்றவரினும் பெரும் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே விடையும் கூறினார். இது லூக்காஸ் பதின்மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. நம் சாட்சிகள் பலவற்றில் இந்த அதிகாரத்தின் சுவடே தென்படுவதில்லை.

மயிலைக்கு நற்செய்தி கொணர்ந்ததாக மரபு போற்றும் தோமையாரே இங்கு நமக்குத் தக்க துணை. உயிர்த்தெழுந்த அன்று மாலை ஆண்டவர் தோன்றியபோது அவர் அங்கே இல்லை. மற்றச் சீடர்கள், ஆண்டவரைக் கண்டோம் என்று அவரிடம் சொன்னார்கள். திருச்சபையில் ஒருவர் மற்றொருவர்க்குக் கூறிய தொடக்ககாலச் சாட்சிகளுள் அதுவும் ஒன்று, அது தோற்றது! கூறியவர்கள் திருத்தூதர்கள், கூறியது முழு உண்மை, கேட்டவரும் திருத்தூதர்; எனினும் அவர் நம்பவில்லை. நம் மகனோ மருமகளோ நாம் சொல்வதை நம்பாமல் சிரிக்கும்போது, இதை நினைத்துக்கொள்வது ஆறுதல் தரும்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். எட்டு நாள் கழித்து அதே வீட்டில் அவர்கள் மீண்டும் கூடியிருந்தபோது தோமையாரும் அவர்களோடு இருந்தார் என்று அருளப்பர் எழுதுகிறார். நம்பாதவனுக்கு இங்கே இடமில்லை என்று அவர்கள் அவரை வெளியேற்றவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எட்டு நாளும் ஒரே கூரையின் கீழ், கண்டவர்களும் காணாதவரும் ஒன்றாகவே உண்டு உறங்கியிருக்க வேண்டும். மற்றொன்றையும் கவனியுங்கள். தோமையார் எதைக் கேட்டார்? ஆண்டவரின் மகிமையைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. ஆணிகளின் தழும்பைக் கேட்டார். ஆண்டவரும் அதையே காட்டினார். உயிர்த்த உடலில் தழும்புகள் எஞ்சியிருந்தன. நம் வீட்டுச் சாட்சிகளில் நாம் முதலில் துடைத்தெறிவது அந்தத் தழும்புகளைத்தான். கடன், குடி, மனநோய் ஆகியவற்றை நீக்கிவிட்டு, வெற்றியை மட்டும் மெருகேற்றிக் காட்டினால், இக்காலத் தோமையார்களுக்குத் தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

தழும்பைக் கண்டவர் கடல் கடந்து வந்தார் என்பதும், பரங்கிமலையில் குத்துண்டு இறந்து, இன்று சாந்தோம் பேராலயம் நிற்கும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் நம் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அக்கல்லறையைப் பற்றித் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். அங்கே கிறிஸ்தவர்களோடு முகமதியரும் திருப்பயணமாக வந்தனர் என்கிறார். புனிதர் இறந்த இடத்து மண்ணைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச் சென்று, முறைக்காய்ச்சல் கண்டோர்க்குக் கொடுத்தனர் என்றும், நோய் நீங்கிற்று என்றும் எழுதுகிறார். மண்ணின் மருத்துவக் குணம் பற்றி நான் தீர்ப்புக் கூற வரவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூர்க் கிறிஸ்தவர்கள், தங்களுக்குக் கிடைத்த அருளை ஒரு பிடி மண்ணாக முடிந்துகொண்டு நோயாளியின் பாயருகே சென்று அமர்ந்தனர் என்பதே என் மனத்தைத் தொடுகிறது. நோயாளி இருக்குமிடத்துக்கு அவர்களே நடந்து சென்றனர்.

தகும் சொல்லுக்கும் நம்மிடையே எடுத்துக்காட்டு இல்லாமற் போகவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரை புரண்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் பெருமழையும் சேர்ந்து, சைதாப்பேட்டை, சாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளை மூழ்கடித்தன. மறுநாள் மாடிகளில் தவித்துக்கொண்டிருந்தோரை மீட்க, கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர் தங்கள் படகுகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். பதினோராண்டுகளுக்கு முன் கடல் யாருடைய வீடுகளைக் கொண்டுபோயிற்றோ, அதே மக்களே நகரத்தாரின் வாசலுக்குத் துடுப்போடு வந்தார்கள். கோயில், மசூதி, ஆலயம் என்ற வேறுபாடின்றிக் கதவுகள் திறந்தன; எங்கோ கொதித்த சோறு யார் யார் வயிற்றுக்கோ போயிற்று. அவ்வெள்ளத்தில் மீட்கப்பட்ட ஒரு முதியவர் இன்றும் அதைச் சொல்லிவருகிறார். தண்ணீர் எத்தனையாவது படி வரை ஏறியது, படகோட்டி என்ன நிறச் சட்டை அணிந்திருந்தார், தம்மைத் தூக்குமுன் அவர் கடலம்மாவையும் மாதாவையும் ஒருசேர அழைத்தது, கீழ்வீட்டு மூதாட்டி அவ்விரவே இறந்தது ஆகிய அனைத்தும் அவர் சொல்லில் உண்டு. அந்த மூதாட்டியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் ஒவ்வொரு முறையும் தாழும். தமது புண்ணியத்தைப் பற்றி ஒரு சொல்லும் வாராது. கேட்போர்க்கு இறைவன் நினைவுதான் வரும், படகோட்டியும் மறக்கப்படுவதில்லை.

மருத்துவரின் உழைப்பையும் செவிலியரின் விழிப்பையும் விழுங்கிவிட்டு, எல்லாம் நவநாளின் பலன் என்போர் இம்முதியவரிடம் சிறிது பாடம் கேட்கலாம். நவநாள் செபத்தில் எனக்கு மாறாத பற்று உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

திருப்பலியின் நன்றி மன்றாட்டை அடுத்த ஞாயிறு கவனித்துக் கேளுங்கள். குரு இறைவனிடம் ஒன்றைக் கேட்குமுன் அவர் செய்தவற்றையே சொல்கிறார்: படைத்தது, மகனை அனுப்பியது, இராவுணவு, பாடுகள், உயிர்ப்பு. திருச்சபை தன் நினைவை முழுவதும் சொல்லி முடித்த பின்னரே, திருத்தந்தைக்காகவும் ஆயருக்காகவும் இறந்தோர்க்காகவும் கேட்கத் தொடங்குகிறது. நம் வீட்டு மாலைச் செபத்தில் இவ்வரிசை தலைகீழாக நிற்கிறது. தேர்வு, வேலை, வீட்டுக் கடன், வெளிநாட்டு விசா என்று விண்ணப்பங்கள் நீளும். இறுதியில் ‘எல்லாவற்றிற்கும் நன்றி’ என்று ஒரே மூச்சில் முடித்து, தொலைக்காட்சி முன் அமர்வோம். ‘எல்லாவற்றிற்கும்’ என்பது எதைக் குறிக்கிறது என்று பத்து வயதுப் பேரன் கேட்டால், எத்தனை பேரால் விடை கூற முடியும்?

செபமாலை முடிந்ததும், வாரத்தில் ஒரு நாளாவது, வீட்டில் மூத்தவர் ஒருவர் ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும். எந்த ஆண்டு, எந்தத் தெரு, யார் கைகொடுத்தார் என்பதோடு சொல்லட்டும். கைகொடுத்தவர் எதிர்வீட்டுப் பாய் என்றால் அதையும் சொல்லட்டும். கேட்ட வரம் கிடைக்காமலே போன கதைகளும் உண்டு. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிய நாளில் யார் கஞ்சி காய்ச்சிக் கொணர்ந்தார் என்பதும் இறைவன் செய்ததே. அதையும் விட்டுவிட வேண்டாம். முன்னாளில் குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கத்தில் பிறப்பும் திருமுழுக்கும் மணமும் இறப்பும் எழுதிவைப்பது வழக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதில் எழுதலாம். மிகைப்படுத்த வேண்டாம்; பேரன் வளர்ந்து வழக்கறிஞராகிக் குறுக்கு விசாரணை செய்தாலும் நிற்கும்படி இருந்தால் போதும்.

107-ஆம் சங்கீதம் நான்கு வகையினரை அழைத்து நன்றி கூறச் சொல்கிறது: பாலைவனத்தில் வழி தவறியோர், சிறைப்பட்டோர், நோயுற்றோர், கப்பலேறிக் கடலில் தொழில் செய்வோர். நான்கு வகையினரும் நம் அன்பியங்களில் இருக்கின்றனர். அடுத்த கூட்டத்தில் இச்சங்கீதத்தை வாசித்துவிட்டு, வழக்கமான விளக்கவுரையைக் குருவிடமிருந்து எதிர்பாராமல், அவர்களையே பேச விடுங்கள். யாராவது மௌனமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அவர் அருகில் ஒருவர் அமர்ந்துகொண்டால் போதும்.

ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வருவோர் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கூட்டம் கலைந்ததும், நேரே பேருந்து நிலையத்துக்கு விரையாமல், கடற்கரை ஓரமாகச் சிறிது தூரம் வடக்கே நடந்து அந்த வெண்ணிற மண்டபத்தின் அருகில் நில்லுங்கள். இது என்ன என்று பிள்ளை கேட்கும். மணலில் அமர்ந்து, 1930-இலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டுக் கதை வரை வந்து சேர நேரம் இருக்கிறது. கடைசிப் பேருந்து இரவு வெகுநேரம் கழித்துத்தான்.